முயலைத் தூங்கவிடாத கதை

1990-களில் கம்ப்யூட்டரோடு பழகியவர்களுக்குப் பெட்டியின் முகப்பில் இருந்த 'டர்போ' பொத்தான் நினைவிருக்கும். அதன் பக்கத்திலேயே 33, 66 என்று எண்கள் பளிச்சென்று எரியும். அதை அழுத்தினால் வேகம் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அந்தப் பொத்தானை வைத்ததே வேகத்தைக் குறைப்பதற்காக. 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யில் இருந்த இன்டெல் 8088 சிப்பின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு சுமார் 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்பு. அந்தத் துடிப்பையே கடிகாரமாக வைத்து அக்காலத்தில் பல விளையாட்டுகளை எழுதினார்கள். பின்னால் வந்த 8, 10, 12 மெகாஹெர்ட்ஸ் இயந்திரங்களில் அவற்றைப் போட்டால், நாம் கை வைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பழைய மந்த வேகத்துக்கு இறங்குவதற்குத்தான் அந்தப் பொத்தான். (பளிச்சென்று எரிந்த எண்ணும் வேகத்தை அளந்து காட்டியதல்ல. கடைக்காரர் உள்ளே ஜம்பர் செருகி எந்த எண்ணை வைத்தாரோ அதுதான் எரியும்.)

மற்றபடி அந்தக் காலத்துச் சிப்புக்கு ஒரே வேகம்தான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஓட்டம். இன்றைக்கு அப்படியில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சர்வரை அதன் முழு வேகத்தில் ஓடவைக்க, அதைப் பராமரிக்கிறவர் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது. இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு சின்னப் பகுதியை நான் வேலையில் இருந்தபோது நேரிலேயே பார்த்தேன்.

ஒரு சிப் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. துடிப்பு வேகம் எவ்வளவு மடங்கு கூடுகிறதோ அவ்வளவு மடங்கு செலவும் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்துக்குச் செலவு கூடும். வேகமாகத் துடிக்க வேண்டுமானால் வோல்டேஜும் அதிகம் வேண்டும். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கூடவே வோல்டேஜையும் குறைத்தால், மிச்சம் நிறையவே கிடைக்கும்.

இதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் ஒருவர் மார்க் வைசர். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்தவர். 1994-ல் அவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிப்பின் வேகத்தை ஆபரேட்டிங் சிஸ்டமே வேலைக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முழு வேகத்தில் ஓடி முடித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, அதே வேலையை நிதானமாக நேரம் முழுக்கப் பரப்பிச் செய்தால் மின்சாரம் மிச்சம். நம் ஆமை முயல் கதையைத்தான் அவர்களும் உதாரணம் காட்டினார்கள். அவர்கள் கட்சி ஆமைக் கட்சி.

ஆறு வருஷம் கழித்து, 2000 ஜனவரியில், இன்டெல் நிறுவனம் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற வசதியோடு மடிக்கணினிக்கான பென்டியம் 3 சிப்பைக் கொண்டுவந்தது. வயர் செருகியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். வயரைப் பிடுங்கி பேட்டரிக்கு வந்தால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகத்தில் குறைந்தது நூற்றுக்கு 23. மின்செலவில் குறைந்தது நூற்றுக்கு 45. வியாபாரம் என்று பார்த்தால் நல்ல வியாபாரம்தான்.

அதே ஜனவரியில் டிரான்ஸ்மெட்டா என்ற சின்ன நிறுவனம் 'குரூசோ' என்ற சிப்பை அறிமுகம் செய்தது. அதுவும் வேகத்தை ஏற்றி இறக்கும். இன்டெல்லுக்கு இரண்டே படி, இதற்குப் பல படிகள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1997 முதல் 2003 வரை சம்பளம் வாங்கியது இந்த நிறுவனத்தில்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சிப் செய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான், பிற்பாடு உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஏறி உட்காரப்போகிற லினக்ஸை அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் பேட்டரிக் கதை. சர்வருக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? 2004-க்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதன் வேகம் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். நாலு வருஷத்தில் 3.8 வரை ஏற்றிவிட்டார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜும் குறையும், அதனால் சூடு கூடாது என்று ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1974-ல் சொன்ன கணக்கை நம்பித்தான் தொழிலே முப்பது வருஷம் ஓடியது. அந்தக் கணக்கு இந்தச் சமயத்தில் பொய்த்துவிட்டது. சும்மா இருக்கும்போதே சிப்புக்குள் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. 2004-ல் பென்டியம் 4 சிப்புகள் சில 115 வாட் வரை போயின. அதாவது ஒரு சீலிங் ஃபேனைவிட அதிகம், அதுவும் தீப்பெட்டி அகலமுள்ள ஒரு சில்லுக்குள். அந்த அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று இன்டெல் அறிவித்தது. நிறுவனத்தின் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையிலேயே முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையாகத்தான் செய்தார், ஆனால் சமாச்சாரம் வேடிக்கையல்ல.

அதற்குப் பிறகு மடிக்கணினிக்காகக் கண்டுபிடித்த சிக்கனம் எல்லாம் சர்வருக்குள்ளும் வந்தது. காரணம் சொல்வதற்கும் ஆள் இருந்தது. 2007-ல் கூகுளில் இருந்த லூயிஸ் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேயும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய சர்வர்கள் பெரும்பாலான நேரம் நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பது வரைதான் வேலை செய்கின்றன. ஆனால் நல்ல சிக்கனமான சர்வர்கூட சும்மா இருக்கும்போதே முழு வேலைக்கான மின்சாரத்தில் பாதியைத் தின்கிறது. வேலைக்குத் தக்க மின்சாரம் என்ற நிலைமை வர வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது நியாயமான பேச்சு. நாலு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லினக்ஸ் பக்கம் வருவோம். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் சிப்பின் வேகத்தை மாற்றுவதற்கென்று ஒரு பொது ஏற்பாடு இருந்தது. எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதிக்கு 'கவர்னர்' என்று பெயர் வைத்தார்கள். ராஜ்பவன் கவர்னர் இல்லை. கிராமத்தில் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓட்டியவர்களுக்குத் தெரிந்த கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி என்ஜினில் மாட்டிய அதே சமாச்சாரம். ஆனால் பெயர் பொருந்துகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆயில் என்ஜின் கவர்னரின் வேலை, பாரம் ஏறினாலும் இறங்கினாலும் வேகத்தை ஒரே மாதிரி வைப்பது. லினக்ஸ் கவர்னரின் வேலை பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்.

முதலில் 'பெர்ஃபார்மன்ஸ்' (எப்போதும் மேல் எல்லை), 'பவர்சேவ்' (எப்போதும் கீழ் எல்லை) போன்ற நேரடியான கவர்னர்கள்தான் இருந்தன. 2004-ல் 'ஆன்டிமாண்ட்' வந்தது. இன்டெல்லில் வேலை பார்த்த வெங்கடேஷ் பல்லிபாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் எழுதியது. கொஞ்சக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சிப் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று பார்க்கும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் போனால் உடனே உச்ச வேகத்துக்கு ஏற்றும். குறைந்தால் இறக்கும். இதுவே பல லினக்ஸ் விநியோகங்களில் தானாகவே அமைந்துவிடும் ஏற்பாடாயிற்று. தொடர்ந்து கனமான வேலை செய்யும் இயந்திரத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பொடிப்பொடியாக வேலை வரும் இயந்திரத்தில்தான் சிக்கல்.

நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஊர் முழுக்கக் கவுன்ட்டர் வைத்துப் பணம் வாங்கி ரசீது கொடுக்கிற அலுவலகம். வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் நம் வயதுக்காரர்கள். 2011-ல் பழைய சர்வரைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்கினோம். ஆறு கோர் கொண்ட ஜியான் எக்ஸ்5650 சிப் இரண்டு, 2.66 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் தானாகவே 3.06 வரை போகும். காகிதத்தில் பழையதைப் போலப் பல மடங்கு. கவுன்ட்டரில் பார்த்தால் ரசீது வர ஐந்து நொடி. பழைய சர்வர் இதைவிட மோசமில்லை என்று கவுன்ட்டரில் இருந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஐந்து நொடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ரசீது வரவில்லையே என்று என்டர் பட்டனை இரண்டாவது தடவை தட்டினால் இரட்டை ரசீது விழும். அதை ரத்து செய்ய அதிகாரி கையெழுத்து வேண்டும். அதிகாரி கூட்டத்தில் இருப்பார். வரிசை அப்படியே நிற்கும். ஒரு மணிக்கு உணவு இடைவேளை. பன்னிரண்டே முக்காலுக்கு வரிசையின் வாலில் நிற்கிற பெரியவருக்கு அன்றைக்கு வேலை முடியுமா முடியாதா என்பது இந்த நொடிகளில்தான் இருந்தது.

விற்றவர்களின் ஆள் வந்து பார்த்தார். சி.பி.யு. எட்டு சதவீதம்தான் வேலை செய்கிறது, இயந்திரத்தில் குறை ஒன்றுமில்லை, உங்கள் புரோகிராமைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அந்த எட்டு சதவீதத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 'பவர்டாப்' என்று ஒரு கருவி உண்டு. 2007-ல் இன்டெல்காரர்கள், மடிக்கணினியில் எந்தப் புரோகிராம் பேட்டரியைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக வெளியிட்டது. அதைச் சர்வரில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "சார், மெஷின் தூங்குது சார்" என்றார்.

சிக்கனத்தில் இரண்டு வகை இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டு மெதுவாக உருட்டுவது ஒன்று. ஸ்டாண்டில் நிற்கும்போது என்ஜினையே அணைப்பது இன்னொன்று. இதுவரை சொன்ன கவர்னர் கதையெல்லாம் முதல் வகை. இரண்டாவது வகைக்குச் 'சி ஸ்டேட்' என்று பெயர், சிப்பின் தூக்க நிலைகள். சி1 என்பது கண்ணை மட்டும் மூடியிருப்பது. சி6 என்பது அந்தக் கோருக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்திவிடுவது. 2008-ல் வந்த நெஹேலம் தலைமுறைச் சிப்புகளிலிருந்து இந்த ஆழ்ந்த தூக்கம் சர்வர்களில் வழக்கமாகிவிட்டது. கசிவு அதிகமாகிவிட்டதால் ஆமைபோல நிதானமாக ஓடுவதைவிட, முயல்போல ஓடி முடித்துவிட்டு ஆழமாகத் தூங்குவதே சிக்கனம் என்று கட்சி மாறிவிட்டார்கள்.

முயல் கதையில் தூக்கத்தால் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். சி1-லிருந்து எழ மூன்று மைக்ரோ செகண்ட் ஆகும் என்று அந்தத் தலைமுறைச் சிப்புக்கான லினக்ஸ் அட்டவணையில் போட்டிருக்கிறது. சி6-லிருந்து எழ 200 மைக்ரோ செகண்ட். மைக்ரோ செகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் 2.66 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அந்த 200 மைக்ரோ செகண்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் துடிப்புகள் போய்விடுகின்றன.

எங்கள் புரோகிராம் பழைய காலத்து ஆசாமி எழுதியது. ஒரு ரசீதுக்கு டேட்டாபேஸை ஆயிரக்கணக்கான தடவை கேள்வி கேட்கும். ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் சிப், வேலை இல்லை என்று தூங்கப் போகும். அடுத்த கேள்வி வந்ததும் எழும், வேலையை முடிக்கும், மறுபடி தூங்கும். சராசரி பார்த்தால் எட்டு சதவீதம் வேலை. எண்பதைத் தாண்டவே தாண்டாது. ஆகவே கவர்னரும் வேகத்தை ஏற்றாமல் கீழ்ப்படியான 1.6 கிகாஹெர்ட்ஸிலேயே வைத்திருந்தார். எட்டு சதவீதம்தான் என்று விற்றவரின் ஆள் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை. மந்தத்துக்குக் காரணமே அந்த எட்டு சதவீதம்தான்.

அந்தப் பெண் செய்தது மூன்று காரியம். முதலில் பயாஸ். சர்வர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மின்சிக்கன ஏற்பாட்டோடுதான் வந்திருந்தது. பயாஸில் பூட்டி வைத்திருந்தால் லினக்ஸ் என்ன சொன்னாலும் சிப் கேட்காது. ஆகவே அங்கேதான் தொடங்க வேண்டும். இரண்டாவது கவர்னர். லினக்ஸில் எல்லாமே ஃபைல் என்பார்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒரு சின்ன ஃபைல், அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற ஒரு சொல்லை எழுதினால் முடிந்தது. மூன்றாவது தூக்கம். இயந்திரம் தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை வரியில் சி1-க்குக் கீழே போகாதே என்று ஒரு குறிப்பு.

தூக்கத்தையே முழுக்க ரத்து செய்யவும் வழி இருக்கிறது, அதையும் செய்தால் என்ன என்று கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. அப்போது சும்மா இருக்கும் கோர், வேலை வந்ததா வந்ததா என்று வாசலையே பார்த்துக்கொண்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோரும் இரண்டு ஆள்போல நடிக்கிற சிப் அது. ஒரு ஆள் சும்மா ஓடினால் பக்கத்து ஆளின் வேகத்தைத் திருடிக்கொள்ளும். தவிர, 3.06 வரை தானாகப் போகும் என்று சொன்னேனே, அது பக்கத்துக் கோர்கள் ஆழமாகத் தூங்கி மிச்சம் பிடித்துக் கொடுக்கும் மின்சாரத்தில்தான் எட்டும். ஆகவே சி6-ஐ நிறுத்தியதில் உச்சியில் கொஞ்சம் வேகம் போகத்தான் செய்தது. எங்களுக்கு வேண்டியது உச்சி வேகமில்லை, உடனே எழுந்து பதில் சொல்வது. எல்லாருக்கும் இதே வைத்தியம் சரிப்படாது. ராத்திரி முழுக்க ஒரே பெரிய கணக்கைப் போடுகிற இயந்திரமானால் சி6-ஐ விட்டுவைப்பதுதான் நல்லது.

ரசீது மூன்று நொடிக்குள் வர ஆரம்பித்தது. இரட்டை ரசீது ரத்துக்காக அதிகாரி கையெழுத்துக்கு வரும் தாள்கள் குறைந்தன. கவுன்ட்டர் அம்மா எதுவும் சொல்லவில்லை. அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

இலவசமாக வந்ததில்லை அது. சர்வர் அறையில் சூடு தெரிந்தது. ஏ.சி. நிற்காமல் ஓடியது. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும் உண்டு. யு.பி.எஸ். தாங்கும் நேரம் குறைந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் அதிகம் போனது. கூகுள்காரர்கள் எழுதியதில் இருந்த நியாயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களிடம் இருந்த நாலே நாலு சர்வருக்கே இந்தப் பாடு.

பிறகு லினக்ஸிலும் இது குழப்பமும் தெளிவுமாக நகர்ந்தது. 2013-ல் 3.9 பதிப்பில் இன்டெல் சிப்புகளுக்கென்று தனி டிரைவர் வந்தது. அதில் கவர்னர் பெயர்கள் இரண்டே இரண்டு, 'பெர்ஃபார்மன்ஸ்', 'பவர்சேவ்'. ஆனால் இந்தப் பவர்சேவ் பழைய பவர்சேவ் இல்லை. கீழ்ப்படியில் கட்டிப்போடாது, வேலைக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும். பழைய பொருளை மனதில் வைத்துக்கொண்டு பதறியவர்கள் நிறையப் பேர். பெயரை மாற்றியிருக்கலாம். 2014-ல் ரெட் ஹாட் நிறுவனம் தன் 7-ஆம் பதிப்பில், சர்வராக நிறுவினால் வேகத்துக்கு முன்னுரிமை தரும் ஏற்பாட்டையே இயல்பாக வைத்தது. 2015-க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்புகளில், வேகத்தைச் சிப்பே தீர்மானித்துக்கொள்ளும் வசதி வந்தது. நாம் 0-லிருந்து 255-க்குள் ஒரு எண் கொடுத்தால் போதும். 0 என்றால் வேகமே முக்கியம், 255 என்றால் மிச்சமே முக்கியம். ஆனால் தூக்கத்துக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அது இன்றும் மாறவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெண் கடைசியாகச் செய்தது ஒரு சின்ன ஏற்பாடு. தூக்கத்தைக் கட்டளை வரியில் நிரந்தரமாகத் தடுப்பதற்குப் பதிலாக, லினக்ஸிலேயே இருக்கிற வேறொரு ஃபைலைப் பிடித்தார். அதைத் திறந்து, எழுவதற்கு இவ்வளவு மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று எழுதி வைத்தால், அது திறந்திருக்கும் வரை ஆழ்ந்த தூக்கம் கிடையாது. மூடியதும் பழையபடி தூங்கலாம். காலை ஒன்பதரைக்கு ஒரு சின்ன புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து, கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றும். மாலை ஆறு மணிக்கு ஃபைலை மூடி, கவர்னரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாது. நான் ஓய்வு பெற்ற நாள்வரை அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.